கல்யாணி கொடுத்த வாக்கு

கல்யாண வீட்டில் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு. எல்லாச் சொந்தக்காரர்களையும் ஒரே நேரத்தில் சந்தோஷப்படுத்த முயலக் கூடாது. சாம்பாரில் உப்புக் குறையலாம், தவில்காரர் தாமதமாக வரலாம், மணமேடையில் மின்விசிறி ஓடாமல் போகலாம். இதையெல்லாம் ஊர் மன்னித்துவிடும். ஆனால் எல்லோருக்கும் நல்லவராக இருக்கப் பார்ப்பவரை மட்டும் ஊர் மன்னிக்காது. இந்த உண்மையை நான் என் அண்ணன் கல்யாணத்தில்தான் கண்டுபிடித்தேன். வேறு யாருடைய கல்யாணத்திலாவது கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று அண்ணனுக்கு இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம். (கொஞ்சம் என்பது நான் சொல்வது. அண்ணியைக் கேட்டால் அளவு மாறும்.)

அப்போது நான் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். மனிதர்களோடு பேசிப் பழகும் செயற்கை நுண்ணறிவைச் செய்து விற்கும் கம்பெனி. அந்த மிஷினை ஜனங்கள் நம்பும்படி செய்வது என் வேலை. ‘மிஷினை நம்பத் தகுந்ததாகச் செய்வதா?’ என்று கேட்காதீர்கள். அது வேறு டிபார்ட்மென்ட். அந்த டிபார்ட்மென்ட்டுக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை.

நம்பிக்கையைப் பற்றி நான் நிறைய ஸ்லைடு தயாரித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் ஒரு மனிதக் கையும் ஒரு இரும்புக் கையும் குலுக்கிக்கொண்டிருக்கும். புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதிக்குப் பக்கத்தில் தையற்கடை வைத்திருக்கும் என் அம்மா ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, “என்னடி இது, கை ஒடைஞ்சவுகளுக்கு வைத்தியம் பண்ற விளம்பரமா?” என்றார். அம்மாவுக்கு என் துறையின் ஆழம் புரியவில்லை என்று வருத்தப்பட்டேன்.

அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஊருக்கு வந்துவிட்டேன். வந்தவுடன் என் கண்ணில் பட்டது அப்பாவின் துன்பம். அப்பா கணக்கு வாத்தியார். வகுப்பில் சாக்பீஸைக் கையில் எடுத்தால் சட்டைப் பையில் போன் அடிக்கும். மண்டபம் எங்கே என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே, “மண்டபம் எங்கிட்டு இருக்குங்க?” என்று கேட்பார்கள். சொன்னதும், “அதான் பத்திரிகையிலயும் போட்டுருக்கு” என்று நம்மைச் சரிபார்த்து வைப்பார்கள்.

“அப்பா, கல்யாணம் முடியுற வரைக்கும் ஒங்க போனை எங்கிட்ட விட்டுருங்க” என்றேன்.

“எடுத்துப் பேச ஆளு போடப் போறியா?”

“ஆளு இல்லப்பா. ஏஐ.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது நம்ம சொந்தக்காரவுககிட்டப் பேசிருமா? எனக்கே இன்னும் பேசத் தெரியலயேம்மா.”

என் மேனேஜர் விவேக் சாரிடம் சொன்னபோது அவர் துள்ளிக் குதித்தார். “சூப்பர்! உங்க ரிலேட்டிவ்ஸ்தான் நம்ம ஃபீல்டு டெஸ்ட். கல்யாணத்துக்கு நானே நேர்ல வந்து பார்க்கிறேன்” என்றார். அழைக்காமலே வருகிறேன் என்று சொன்ன முதல் விருந்தாளி அவர்தான்.

முதலில் நான் மிகவும் நேர்மையாகத்தான் ஆரம்பித்தேன். “வணக்கம், நான் ஒரு கணினி உதவியாளர். கல்யாண விவரங்களைச் சொல்வேன்” என்று அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். முதல் அழைப்பு, வல்லத்திராக்கோட்டையில் விவசாயம் பார்க்கும் சின்ன மாமாவிடமிருந்து வந்தது. அம்மாவின் தம்பி. ‘கணினி’ என்ற வார்த்தை முடிவதற்குள், “லோன்லாம் வேணாம் தாயி” என்று வைத்துவிட்டார். அடுத்து அழைத்தவர், அப்பாவின் போனுக்கு ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். அந்த முதல் வரியை எடுத்துவிட்டேன். ஜனங்களின் நம்பிக்கையைச் சம்பாதிக்க நான் முதலில் தூக்கிப் போட்டது உண்மையை.

அடுத்த கோளாறு, தெரியாத கேள்விக்கு அது “அந்த விவரம் என்னிடம் இல்லைங்க” என்றது. “தெரியாதுன்னு சொல்றதுக்கா போனை எடுத்த?” என்று கோபித்துக்கொண்டார்கள். அதையும் எடுத்தேன். அதற்குப் பதிலாக நானே உட்கார்ந்து புதிய கட்டளைகள் எழுதினேன். யாரையும் மறுத்துப் பேசாதே. யாரும் மன வருத்தத்தோடு போனை வைக்கக் கூடாது. தெரியாவிட்டாலும் ஆறுதலாக ஏதாவது சொல். இதை எழுதி முடித்தபோது எனக்குக் கண் கலங்கியது. இவ்வளவு கருணையோடு ஒரு மிஷின் உலகத்தில் வந்ததில்லை என்று நினைத்தேன்.

ஓர் இளம்பெண்ணின் குரலைக் கொடுத்தேன். இடையிடையே “ம்ம்”, “அட”, “அப்படிங்களா” போட்டேன். நம் ஊர்ப் பேச்சில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ‘ங்க’ சேர்த்தேன். கல்யாண வேலை என்பதால் கல்யாணி என்று பெயரும் வைத்தேன். அழைப்பவர்களை எப்படிக் கூப்பிடுவது என்று குழப்பம் வந்தபோது, அப்பாவின் போனில் எந்தப் பெயரில் இருக்கிறார்களோ அப்படியே கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். (இந்த ஒரு வரியால் குளத்தூரில் ஒரு குடும்பம் பிரியப் பார்த்தது. அதற்கு வருகிறேன்.)

கல்யாணி கிளம்பிவிட்டாள். ஒவ்வோர் அழைப்பின் முடிவிலும், “மனசுக்குத் திருப்திங்களா?” என்று கேட்பாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். என் லேப்டாப்பில் ஒரு பச்சைக் கோடு ஏறிக்கொண்டே போனது. கோடு அவ்வளவு அழகாக ஏறும்போது, அழைப்புகளில் என்னதான் பேசினார்கள் என்று கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் கோட்டைக் காட்டினேன். “பாருங்கப்பா. ஒருத்தருக்குக்கூட மனக்குறை இல்ல.”

அப்பா இட்லியைக் கீழே வைத்தார். “நம்ம சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரும் சந்தோஷமா இருக்காகன்னா, எங்கயோ பெரிய தப்பு நடக்குதும்மா.”

“டேட்டா பொய் சொல்லாதுப்பா” என்றேன். இப்படிப் பேசுகிறவர்களை அப்போதே யாராவது ஒரு அறையில் பூட்டி வைத்திருக்கலாம்.

அப்பா பயந்ததற்குக் காரணம் இருந்தது. அம்மாவுக்கு இரண்டு சகோதரர்கள். அண்ணன் குளத்தூரில் இருக்கும் பெரிய மாமா. தம்பி, மிஷினைப் பார்த்து லோன் வேண்டாம் என்ற சின்ன மாமா. இவர்களின் பூர்வீகத் தோட்டத்து வரப்பில் ஒரு பலாமரம் நிற்கிறது. வேர் பெரிய மாமா பக்கம். காய்ப்பது முழுக்கச் சின்ன மாமா பக்கம். அந்த மரம் என்ன செய்யும் பாவம், வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் காய்த்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் பல வருஷங்களாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

எங்கள் வழக்கப்படி தாய்மாமன் மாலை போட்டு, மாப்பிள்ளையைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வர வேண்டும். யார் போடுவது? அப்பா இரண்டு ஊருக்கும் மாறி மாறி நடையாய் நடந்து ஓர் உடன்படிக்கை செய்திருந்தார். மூத்தவர் மாலை போடுவார். இளையவர் வாசலில் நின்று பெண் வீட்டாரை வரவேற்பார். இந்தச் சின்ன ஏற்பாட்டுக்காக அப்பா குடித்த டீயை ஊற்றினால் ஒரு கண்மாய் நிறையும்.

கல்யாண நாளும் வந்தது. காலையில் நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது நாதஸ்வரம் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். விவேக் சார் ரயிலில் வந்து இறங்கி, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பெண் வீட்டார் ஏதோ அதிகாரி என்று நினைத்துப் பன்னீர் தெளித்துவிட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அம்மாவின் போன் அடிக்கும் வரை.

“வேன் இன்னும் வரலையே மதினி” என்றது ஒரு குரல்.

“எந்த வேனு?”

“வீட்டு வாசலுக்கே வருதுன்னு ஒங்க வீட்டுப் புள்ள சொல்லுச்சே.”

வைத்தவுடன் இன்னொன்று. கீரனூரில் வேன் வரவில்லை. அறந்தாங்கியில் வேன் வரவில்லை. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்களிடம் வேனே கிடையாது. சற்று நேரத்தில் பாதிச் சொந்தம் குட்டி யானை வண்டிகளில் நின்றுகொண்டே வந்து இறங்கியது. பட்டுப்புடவையில் வைக்கோல் ஒட்டியிருந்த பெண்களின் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

இறங்கியவர்களில் முதலாவதாக என்னிடம் வந்தவர் ஆவுடையார்கோவில் அத்தை. அப்பாவின் அக்கா. என் கன்னத்தைத் தடவி, சுற்றுமுற்றும் பார்த்து, “எங்கத்தா அந்தக் கல்யாணி?” என்றார்.

“ஏன் அத்தை?”

“என்னா தன்மையா பேசுது அந்தப் புள்ள! நான் மூட்டு வலியப் பத்திச் சொன்னேன், பொறுமையாக் கேட்டுச்சு. நீ யாரு மகளுன்னு கேட்டேன், ‘நான் ஒங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதாங்க’ன்னுச்சு. அந்த ஒரு சொல்லு போதும். நம்ம குமாருக்குக் கேக்கலாம்னு ஜாதகத்தோட வந்துட்டேன்.”

குமார் என் அத்தை மகன். முறைப்படி அத்தை பெண் கேட்க வேண்டியது என்னை. எதிரிலேயே நிற்கிறேன். என்னை விட்டுவிட்டு, நான் செய்த மிஷினுக்கு ஜாதகம் கொண்டு வந்திருக்கிறார். இதைவிட ஒரு பெண்ணை அவமானப்படுத்த யாராலும் முடியாது. அத்தைக்கு அந்த எண்ணமே இல்லை என்பதுதான் கூடுதல் அவமானம்.

அத்தையிடமிருந்து தப்பி அந்தப் பக்கம் திரும்பினால், பெரிய மாமாவின் மனைவி நின்றார். பெண்களோடு முன்னாலேயே வந்துவிட்டிருக்கிறார். முகம் கொதிக்கிற எண்ணெய்.

“யாருடி அந்தக் கல்யாணி?”

இவரும் வரன் கேட்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை.

“ஒங்க மாமா போன் பண்றாக. ஸ்பீக்கர்ல போட்டுருக்காக. ஒரு கொமரி, ‘சொல்லுங்க குளத்தூர் மச்சான், நல்லா இருக்கீங்களா மச்சான்’ங்கிறா. இந்த மனுசனும் பல்லக் காட்டிக்கிட்டு, ‘நல்லா இருக்கேன்’ங்கிறாரு. எவ அவ?”

அப்பாவின் போனில் பெரிய மாமாவின் பெயர் ‘குளத்தூர் மச்சான்’ என்று இருக்கிறது. மனைவியின் அண்ணனை வேறு எப்படி எழுதி வைப்பார்? நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் மேளச் சத்தம் கேட்டது.

ஒரு மேளம் இல்லை. இரண்டு.

வாசலுக்கு ஓடினேன். தெருவின் கிழக்குப் பக்கமிருந்து பெரிய மாமா வருகிறார். பின்னால் சீர்த் தட்டுகள், ஒரு மேளம், கழுத்தில் பூச்சுற்றிய ஓர் ஆட்டுக்கிடாய். கையில் மாப்பிள்ளை மாலை. மேற்குப் பக்கமிருந்து சின்ன மாமா வருகிறார். அவருக்கும் தட்டுகள், அவருக்கும் மேளம். கையில் அதைவிடத் தடிமனான மாலை. மண்டபத்து இரும்புக் கேட்டில் ஒரு கதவுதான் திறக்கும். இருவரும் அங்கே மாலையும் மாலையும் உரச நின்றார்கள். இரண்டு மேளக்காரர்களும் தொழில் தர்மத்தின்படி ஒருவரை ஒருவர் விழுங்கப் பார்த்தார்கள். நடுவில் கிடாய் கத்தியது.

உள்ளே மேடையில் அப்பாவின் பழைய தலைமையாசிரியர் ஒருவர், கம்பியில்லா மைக்கைப் பிடித்து வாழ்த்துரை வழங்கிக்கொண்டிருந்தார். அவரை யாரும் பேசக் கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்று கல்யாணி அவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள். அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, உறவுகளின் ஒற்றுமை.

மாமாக்கள் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். அதனால் இருவரும் அப்பாவிடம் பேசினார்கள்.

“மாப்ள, வழிய விடச் சொல்லுங்க. மாலை என்னோடதுன்னு ஒங்க வீட்டுலேருந்து வாக்குக் குடுத்தாச்சு” என்றார் பெரிய மாமா.

“அத்தான், எனக்குந்தான் வாக்குக் குடுத்தாக. ‘நீங்க மாலை போட்டாத்தாங்க மாப்பிள்ளைக்கே அழகு’ன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு” என்றார் சின்ன மாமா.

“எனக்கும் அதே வார்த்தையத்தான் சொல்லுச்சு மாப்ள!”

“எந்தப் புள்ள?” என்றார் அப்பா. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. கணக்கு வாத்தியார் அல்லவா, விடை கிடைத்துவிட்டது.

பெண்ணின் அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். அவர் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. “சம்பந்தி, முகூர்த்த நேரம் போய்க்கிட்டிருக்குங்க. மாலை போட ஆளே முடிவாகலைன்னா நாங்க என்னன்னு நெனைக்கிறது?” அவருக்குப் பின்னால் அவருடைய பங்காளிகள் கைகட்டி நின்றார்கள். மணமகன் அறை ஜன்னலில் அண்ணனின் முகம் தெரிந்தது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கல்யாணம் நின்று போவது என்பதை நான் அதுவரை கதைகளில்தான் கேட்டிருக்கிறேன். அது என் கண்முன்னால், என் லேப்டாப்பிலிருந்து கிளம்பி வந்து நின்றது.

“மாமா” என்றேன். “அது புள்ள இல்ல மாமா. மிஷினு. நான்தான் செஞ்சேன்.”

மேளங்கள் நின்றன.

“மிஷினா?” என்றார் பெரிய மாமாவின் மனைவி. உலகத்திலேயே அந்தச் செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான். “எங்க வீட்டுக்காரர மச்சான்னு கூப்புட்டது மிஷினா?”

ஆவுடையார்கோவில் அத்தை பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “அய்யோ, பத்துப் பொருத்தமும் பார்க்கலாம்னு இருந்தேனே!”

ஆனால் பெரிய மாமா நம்பவில்லை. “மாட்டிக்கிட்டதும் மிஷின் மேல பழியப் போடுறியா? மிஷினு எங்கயாச்சும் ‘அட அப்படிங்களா’ன்னு சொல்லுமா?” என்றார். அது மனிதர்போலப் பேச வேண்டும் என்று நான் இரவு பகலாக உழைத்ததற்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அந்த நேரத்தில் அதை அனுபவிக்கத்தான் முடியவில்லை.

அப்போது அம்மா முன்னால் வந்தார். தையற்கடையில் வாடிக்கையாளர்கள் சண்டை போடும்போது முகத்தில் வரும் அமைதி அவர் முகத்தில் வந்திருந்தது. தன் போனிலிருந்து அப்பாவின் எண்ணுக்கு அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டார். என்ன ரகளை என்று பார்க்க மேடையிலிருந்து இறங்கி வந்திருந்த தலைமையாசிரியர், தன்னாலான உதவியாக மைக்கை அந்தப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தார். மண்டபம் முழுக்க, தெரு முழுக்கக் கல்யாணியின் குரல் ஒலித்தது.

“வணக்கம்ங்க! கல்யாணி பேசுறேங்க. நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கேன் ஆத்தா” என்றார் அம்மா. “கல்யாணத்துல பெரிய மாமா மாலை போடலாமா?”

“கண்டிப்பாங்க! அவர் மாலை போட்டாத்தாங்க மாப்பிள்ளைக்கே அழகு.”

பெரிய மாமா நெஞ்சை நிமிர்த்தினார்.

“அவரு வேணாம். சின்ன மாமா போடட்டுமே?”

“அட, ரொம்ப நல்ல யோசனைங்க! அவர் மாலை போட்டாத்தாங்க மாப்பிள்ளைக்கே அழகு.”

பெரிய மாமாவின் நெஞ்சு இறங்கியது.

“ரெண்டு பேருமே வேணாம் ஆத்தா. வாசல்ல சோடாப் பெட்டி எறக்குறவர் ஒருத்தர் நிக்கிறாரு. அவரு போடட்டுமா?”

“அருமைங்க! அவரைவிடப் பொருத்தமானவர் யாருங்க இருக்கா?”

சோடாப் பெட்டியோடு நின்றவர் அவசரமாகச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே கடைசிக் கேள்வியைக் கேட்டார். “பேசாம கல்யாணத்தையே நிறுத்திருவமா?”

“உங்க மனசு எப்படியோ அப்படியே செஞ்சிரலாங்க. மனசுக்குத் திருப்திங்களா?”

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளட்டும் என்று வேண்டினேன். புதுக்கோட்டைச் செம்பாறை, அவ்வளவு சுலபமாகப் பிளக்காது.

முதலில் சிரிப்புச் சத்தம் மணமகள் அறையிலிருந்துதான் வந்தது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அண்ணி, அலங்காரம் கலைவதைப் பற்றிக் கவலைப்படாமல் சிரித்துவிட்டார். அது தவில்காரருக்குத் தொற்றியது. பிறகு பங்காளிகளுக்கு. பெண்ணின் அப்பா வேட்டியைக் கீழே விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய மாமா மட்டும் சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பினார். பல வருஷங்களுக்குப் பிறகு தன் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“ஏண்டா, இதை நம்பியா நீ மேளத்தோட வந்த?”

சின்ன மாமாவும் அவரைப் பார்த்தார். “நீ மட்டும் என்னண்ணே? கெடாயோடல வந்துருக்க!”

“இந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிப் பல்லவன் குளத்துல போட்டா என்ன?”

“நீ கையப் புடி. நான் காலப் புடிக்கிறேன்.”

பலாமரம் பிரித்த இருவரும் என்னைக் குளத்தில் எறிவதில் ஒன்றுபட்டார்கள். இப்படி ஒரு ராஜதந்திர வெற்றியை எந்தத் தூதரும் அடைந்ததில்லை. அம்மா குறுக்கே வந்து, “அண்ணே, தம்பி, மொதல்ல என் மகனுக்கு மாலையப் போடுங்க. மகளை அப்பறம் குளத்துல போடலாம்” என்றார். ஒரு மாலையின் ஒரு பக்கத்தைப் பெரிய மாமாவும் மறுபக்கத்தைச் சின்ன மாமாவும் பிடித்து அண்ணன் கழுத்தில் போட்டார்கள். கடைசி நேரத்தில், முகூர்த்தம் முடிவதற்குள், தாலி ஏறியது. அம்மா மூலையில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். அது சிரித்ததால் வந்த கண்ணீர் இல்லை.

பந்தியில் விவேக் சாருக்கு நான்தான் பரிமாறினேன். மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு பாயசம் ஊற்றினேன். அவரோ ஒளி வீசிக்கொண்டிருந்தார்.

“பிரமாதம்! போன் கால் முடியற வரைக்கும் எல்லாருமே ஹாப்பி, கவனிச்சீங்களா?”

“சார், கல்யாணமே நிக்கப் பாத்துச்சு.”

“அது கல்யாணத்துல இருக்கற பிரச்சனை. நம்ம பிராடக்ட்ல எதுவும் இல்ல. இன்னும் கொஞ்சம் பாயசம்.”

நான் சென்னைக்குத் திரும்புவதற்குள் அவர் ஒரு ஸ்லைடு தயாரித்திருந்தார். தலைப்பு: ‘பிரிந்த சகோதரர்களை இணைத்த செயற்கை நுண்ணறிவு.’ முதல் பக்கத்தில் அந்த இரண்டு கைகள். மனிதக் கை, இரும்புக் கை. எனக்கு அந்த இரண்டும் என் கையையும் காலையும் பிடித்திருப்பதுபோலத் தெரிந்தது.

அதன்பின் கல்யாணியைத் திரும்பப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை எல்லா அழைப்புகளையும் முழுக்கக் கேட்டேன். மூட்டு வலியைச் சொன்ன அத்தை, போனை வைப்பதற்கு முன் எவ்வளவு நேரம் தயங்கினார் என்பது பதிவில் தெரிந்தது. சின்ன மாமா மாலையைப் பற்றி நேரடியாகக் கேட்கவே இல்லை. “நான் வாசல்ல நிக்கணுமாமே” என்று மட்டும்தான் சொன்னார். பிறகு பேசாமல் இருந்தார். அந்த இடத்தில் அப்பாவாக இருந்திருந்தால் உடனே வல்லத்திராக்கோட்டைக்குப் பஸ் ஏறியிருப்பார். என் மிஷின், அழகு என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விட்டது.

தான் மிஷின் என்பதை முதல் வரியிலேயே சொல்லும்படி மாற்றினேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வைத்தேன். மனஸ்தாபத்தின் வாடை அடித்தால், “இதை நீங்க நேர்ல பேசிக்கிறதுதாங்க நல்லது” என்று போனை அப்பாவிடம் கொடுக்கப் பழக்கினேன். பச்சைக் கோடு மாடிப்படியில் உருண்டதுபோல விழுந்தது. கம்பெனியில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. தெரியாது என்று சொல்லும் பொருளை யார் வாங்குவார்கள் என்று விவேக் சார் கேட்டார். கொஞ்ச நாளில் நான் அங்கிருந்து வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன்.

மாற்றிய மிஷினை அப்பாவின் போனிலேயே விட்டு வைத்தேன். எங்கள் சொந்தக்காரர்கள்தான் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து வைத்தபோது, பெரிய மாமா வேண்டுமென்றே அழைத்து, “காதுகுத்துக்கு நான் ஹெலிகாப்டர்ல வரலாமா?” என்று கேட்டிருக்கிறார். “அதைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. வீட்டுல கேட்டுச் சொல்றேன்” என்றதாம். மாமா சின்ன மாமாவுக்குப் போன் போட்டு, “டேய், அதுக்குப் புத்தி வந்துருச்சுடா” என்றார். ஆவுடையார்கோவில் அத்தை மட்டும் இன்றுவரை சமாதானமாகவில்லை. “மிஷினே ஆனாலும் கொரல் குடுத்தவன்னு ஒருத்தி இருப்பால்ல? அவ எந்த ஊரு?” என்கிறார். அப்படி யாரும் இல்லை என்று சொன்னால், நான் பொறாமையில் மறைக்கிறேனாம்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது இரண்டு மாமாக்களும் ஒன்றாகவே வந்து உட்கார்ந்தார்கள். முதலில் பெண் பார்க்க வந்தவர் நல்ல வேலை, நல்ல நிறம், நல்ல பல். அம்மா என்ன கேட்டாலும், “கண்டிப்பாங்க” என்றார். கல்யாணத்துக்கப்புறமும் பொண்ணு வேலைக்குப் போகலாமா? கண்டிப்பாங்க. சென்னையிலயே இருக்கலாமா? கண்டிப்பாங்க. புதுக்கோட்டைக்கு வந்துரலாமா? கண்டிப்பாங்க. சின்ன மாமா அம்மாவின் காதருகே குனிந்து, “அக்கா, இவருக்குச் சார்ஜர் எங்கிட்டு இருக்குன்னு பாரு” என்றார். அம்மா காபித் தட்டோடு உள்ளே ஓடிவிட்டார்.

பிறகு திருமயம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். திருச்சியில் வேலை. அதிகம் பேசவில்லை. அப்பா வழக்கமான கேள்விகளை முடித்தபின், பெரிய மாமா தொண்டையைச் செருமினார்.

“தம்பிக்குச் சமைக்கத் தெரியுங்களா?”

“தெரியாதுங்க.”

“கத்துக்குவீகளா?”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “வருமான்னு தெரியலைங்க. செஞ்சு பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்.”

இரண்டு மாமாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “மாப்ள, தட்ட மாத்திருங்க” என்றார் பெரிய மாமா, அப்பாவிடம். என்னிடம் யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நேற்று அவர் ரசம் வைத்தார். எப்படி வந்திருக்கிறது என்று கேட்டேன்.

“நல்லா வரலை” என்றார்.

குடித்துப் பார்த்தேன். சொன்னது உண்மைதான்.